தொட்டிச் செடியில் சிலந்திப்பேன்

பங்குனி, சித்திரை மாதங்களில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வீடுகளின் முற்றத்தில் உள்ள ரோஜாவையும் மல்லிகையையும் உற்று நோக்குங்கள். இலைகள் வெளுத்து, மணலைத் தூவினாற்போல் மஞ்சள் புள்ளிகளுடன் காணப்படலாம். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி வேருக்கு மேலும் மேலும் ஊற்றுவார்கள், செடி தேறாது. இலையைத் திருப்பிப் பார்ப்போர் சிலரே.

அந்த இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். விழுந்த தூசியிற் சில நகர்ந்து சென்றால், அவையே சிலந்திப்பேன்கள். நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பெயர் பேன் என்றாலும் அது பேனுமன்று, பூச்சியுமன்று; வளர்ந்தபின் எட்டுக் கால் உடையதாதலின் சிலந்திக்கு உறவு. இலையின் அடிப்பக்கத்தில் நூல் பின்னிக்கொண்டு, உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது.

சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றத் துணை நின்றது அவ்வட்டாரத்தின் வறண்ட காற்று. மருந்து தோய்த்த குச்சிகள் அங்கே விரைவில் உலரும். அதே வெப்பமும் வறட்சியும் இப்பகைக்கும் வாய்ப்பாயின. முப்பது டிகிரி வெப்பத்தில் முட்டை ஒன்று, ஒரு வாரம் பத்து நாளில் முழு வளர்ச்சி பெறுகிறது. ஒரு பெண் நூறு முட்டைவரை இடும். ஆணோடு சேராமல் இட்ட முட்டையும் வீணாவதில்லை, அது ஆணாகப் பிறக்கும்!

ஆகவே முதல் மருந்து நீரே. தண்ணீர் அருமையான ஊராயிற்றே என்பீர்கள். குடம் குடமாக வேண்டியதில்லை. ஈரத்துணியால் இலையின் அடிப்புறத்தைத் துடைத்தால் நூலும் முட்டையும் தூசியும் ஒருங்கே நீங்கும். பின்னர் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். எஞ்சிய முட்டைகள் பொரிக்குமாதலால் வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்யவேண்டும்.

கண்ட பூச்சிக்கொல்லியை எல்லாம் தெளிப்பதை நான் ஒப்பமாட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேனாட்டுப் பழத்தோட்டங்களில் டி.டி.டி. அடித்தபோது, சிலந்திப்பேனைத் தின்னும் பொறிவண்டுகளும் இரைகொல்லிப் பேன்களும் மடிந்தன, சிலந்திப்பேனோ பெருகிற்று.

கந்தகம் சிலந்திப்பேனைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் இவ்வட்டாரத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பட்டாசு வேலைக்குரிய கந்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து செடிக்குத் தூவாதீர்கள். அதில் குளோரேட் உப்பு சிறிது கலந்திருந்தாலும் உராய்வினாலேயே தீப்பற்றும். அக்கலவையை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. உரக்கடையில் கிடைக்கும் நனையும் கந்தகமே நீரில் கலக்கும். அதையும் 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்திற்குள்ளும் கூடாது. சித்திரை வெயிலில் அதை நாடாமல் இருப்பதே நன்று.

வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. புதுத் துளிரைப் பாருங்கள். அதிற் புள்ளி இல்லையெனில் செடி பிழைத்துக்கொண்டது.