கிளித்தட்டில் ஆள் தெரிதல்

விளையாட்டில் வென்றவனைப் புகழ்தல் எளிது. அவ்வெற்றிக்கு இடஞ்செய்தவனை அறிதல் அரிது. மட்டக்களப்பு வாவியின் மேல்பால் உள்ள பழுகாமம் முதலிய படுவான்கரை ஊர்களும் அறிந்த கிளித்தட்டு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவன் நின்று மறிப்பான். கிளி நடுக்கோட்டிலும் ஓரக்கோடுகளிலும் ஓடி, பெட்டிக்குள் அகப்பட்டோரைத் தொடுவான். மறிப்போன் தளரின், கிளி வருமுன் எதிரி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவான். ஆகவே, தொட்ட தொகையை மட்டும் எண்ணிக் கிளியின் திறனை அளத்தல் பிழையாம். உறுதியான மறிப்புள்ள அணியிலே நடுத்தரக் கிளியும் பெயரெடுப்பான்.

மறிப்போனுக்கு வேண்டுவது நேரோட்ட வேகமன்று. இருபுறப் பெட்டிகளையும் காக்கும் பக்கநடையும், ஒருவனைத் துரத்தி மற்றவனுக்கு வழிவிடாத பொறுமையுமே. அமெரிக்கக் காற்பந்தாட்டத்திலும் முன்வரிசை ஐவர் வழி திறவாவிடின் பந்தேந்தி ஓடுபவன் சிறத்தல் அரிது. 1962 இல் அங்கே தோன்றிய கற்பனை அணி விளையாட்டில், ஓடுவோனைத் தெரிபவர் அவ்வைவரையும் ஆராய்வது அதனாலேயே.

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். உறவும் நட்பும் நோக்காது, வினைக்குரியானை அவ்வினைக்கண் நிறுத்தும் தலைவனே அணியைக் காப்பான். அணி தெரியும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.