சித்திரக்காரர்கள் சேர்ந்து வாங்கிய காணி

வீடு இழந்தவனுக்கு முதலில் வேண்டியது கூரை. கூரைக்கு அடியில் நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது என்பதே மலையக மக்களின் பழைய கேள்வி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோதும், உயிர் தப்பியவர்கள் முன் அதே கேள்விதான் நின்றது. இந்தக் கேள்விக்குத் தம் கைத்தொழிலால் விடை கண்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம். அவர்கள் விவசாயிகள் அல்லர், சித்திரக்காரர்கள்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து வெளியேறும் தம் மாணவர்கள் சித்திரம் விற்றுப் பிழைக்க முடியாமல், கற்ற கலையைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போவதை அவர் கண்டார். ஓவியர்கள் ஒரு கைவினைச் சங்கமாக ஒன்றுகூடினார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் வேலையைச் செய்தார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் கொதிநீரில் மெழுகைக் கரைத்தால் சித்திரம் தெரியும். நம் நாட்டிலும் நன்கு அறிந்த தொழில்தான் இது. அந்தத் துணிகளை விற்ற பணத்தைப் பிரித்துச் செலவழிக்காமல் சேர்த்து, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினார்கள். அதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பெயரிட்டார்கள்.

அன்று அது மீனவர் கிராமங்களுக்கு நடுவே கிடந்த ஒதுக்குப்புறம். அங்கே வீடுகளையும் வேலைக்கூடங்களையும் அவர்களே எழுப்பினார்கள். கைவினை வேலை வயிற்றுக்குச் சோறு போட்டது. மீதி நேரம் சித்திரத்துக்கு. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இன்று ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது.

மெக்சிக்கோ நாட்டுக் கதை வேறு விதமானது. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பின்னர், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்காக அரசாங்கக் கட்டடச் சுவர்களில் சித்திரம் தீட்டப்பட்டது. டியேகோ ரிவேரா என்பவர் சப்பிங்கோ விவசாயக் கல்லூரியின் பழைய சிற்றாலயச் சுவர்களில் நிலத்தைப் பற்றியே வரைந்தார். 1998 ஏப்ரலில், சியாபாஸ் மாநில மலைக்காட்டில் தனிபெர்லா என்னும் ஊரின் பழங்குடி விவசாயிகள், தங்கள் வாழ்வையும் கனவையும் பொதுமண்டபச் சுவரில் தீட்டினார்கள். திறந்து வைத்த மறுநாளே படையினர் வந்து அதை அழித்தார்கள். ஆனால் அதே சித்திரம் பின்னர் பல நாடுகளின் சுவர்களில் மீண்டும் தீட்டப்பட்டது. சித்திரம் சாகவில்லை, தனிபெர்லா மக்களுக்கோ தங்கள் சொந்தச் சுவரில் அதைக் காக்க முடியவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை விளங்குகிறது. லயன் சுவரில் நாம் வெள்ளையடிக்கலாம், மாதா படமும் சாமிப் படமும் மாட்டலாம். ஆனால் அந்தச் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும் உறுதிப் பத்திரம் இல்லாதவரை நாம் குடியிருப்பவர்களே, உரிமையாளர்கள் அல்லர்.

சோழமண்டலத்தாரைப் போலவே நாமும் செய்துவிடலாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர்கள் படித்தவர்கள், அவர்களது துணியை வாங்க அருகிலேயே பெருநகரம் இருந்தது. நாட்கூலியில் அரிசியும் மாவும் வாங்கும் குடும்பத்திடம் மிச்சம் பிடிக்கச் சொல்வது எளிதன்று. காணி தருவது அரசாங்கத்தின் கடமை என்பதையும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. கேட்பதை நிறுத்தாமலே, நம் கையில் உள்ளதையும் செய்யலாம்.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று. ஒன்று, பிரதான தொழிலுக்குப் பக்கத்தில் ஒரு கைத்தொழில்: மரக்கறித் தோட்டம், கறவை மாடு, தையல், எதுவாயினும் சரி. இரண்டு, அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கு சங்கத்தின் பெயரில், எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கில் சேர வேண்டும். மூன்று, தலைவர் போனாலும் நிலைக்கும்படி விதிகளை எழுதி வைக்க வேண்டும்.

ஆதித் திருச்சபையினர் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்திருந்ததை நாம் ஆலயத்தில் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்பதோடு நிறுத்தாமல், அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். நம்மில் யாரிடம் என்ன கைத்தொழில் இருக்கிறது? நாம் இன்று குடியிருக்கும் நிலத்துக்கு யார் பெயரில், என்ன பத்திரம் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பெண்களின் பெயரையும் சேர்த்து விடை தேடுங்கள்.