பாரிஸ் போக துபாய் ஏன்? மலேசியா ஏர்லைன்ஸ்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மலேசியா ஏர்லைன்ஸ் 2015 டிசம்பரில் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. அடுத்த மாதமே பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறப்பதை நிறுத்தியது. ஐரோப்பாவில் அதற்கு எஞ்சிய ஒரே ஊர் லண்டன். தேசிய விமான நிறுவனம் தன் தடங்களைப் போட்டியாளரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது என்று கோபப்பட்டவர்கள் உண்டு, வேறு வழியில்லை என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் பாரிஸ் சேவை மறுபடி தொடங்கியது. தடங்கள் நின்றபோது மக்கள் கேட்டவை, எந்த நாட்டின் விமான நிறுவனம் தடம் குறைத்தாலும் எழும் கேள்விகள்தாம். முன்கதையும் பின்கதையும் தெரிந்த இந்த ஒரு வழக்கை வைத்து அவற்றுக்கு விடை தேடலாம்.

சந்தேகம்: பாரிஸ் விமானம் ஆட்களோடுதானே பறந்தது? பிறகு எப்படி நட்டம்?

விளக்கம்: இருக்கை நிறைவது வேறு, கல்லா நிறைவது வேறு. கோலாலம்பூரிலிருந்து பாரிஸ் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போக ஏறத்தாழ 13 மணி நேரம். அங்கே இறங்கி, துப்புரவு முடித்து, எரிபொருள் நிரப்பித் திரும்பி வருவதற்குள் ஒரு முழு நாள் தாண்டிவிடும். ஆக, தினமும் ஒரு சேவை நடத்த இரண்டு பெரிய விமானங்களை அந்த ஒரு தடத்துக்கே ஒதுக்க வேண்டும். விமானிகளும் பணிக்குழுவும் அங்கே தங்கி ஓய்வெடுக்கும் ஓட்டல் செலவு தனி.

இவ்வளவையும் ஈடுகட்டுவது முன்வரிசை பிசினஸ் வகுப்புதான், பின்வரிசைச் சுற்றுலாப் பயணியின் டிக்கெட் அல்ல. கம்பெனிச் செலவில் பறப்போர் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் இடையே நிறைய உண்டு. கோலாலம்பூருக்கும் பாரிசுக்கும் இடையே அந்த அளவுக்கு இல்லை. மீதி இடங்களை நிரப்ப, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் மற்ற ஆசிய ஊர்களுக்கும் போகிறவர்களை மலிவு விலை காட்டி இழுக்க வேண்டியிருந்தது. பாரிசுக்குச் சில காலம் பறந்த ஏ380 விமானத்தில் 494 இருக்கைகள். அத்தனையையும் நிரப்ப வேண்டுமென்றால் விலையை இறக்காமல் முடியாது.

சந்தேகம்: 2014ல் நடந்த இரண்டு பெருந்துயரங்கள்தானே நிறுவனத்தைக் கவிழ்த்தன?

விளக்கம்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், கணக்கு வேறு சொல்கிறது. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் எம்எச்370 மறைந்தது. ஜூலை 17 அன்று உக்ரைன் வான்பரப்பில் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். டிக்கெட் விற்பனை சரிந்தது உண்மை. ஆனால் 2011லேயே நிறுவனத்தின் நட்டம் ஏறத்தாழ 250 கோடி ரிங்கிட். 2013ல் 117 கோடி ரிங்கிட். ரோம், ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், புவெனஸ் அயர்ஸ், கராச்சி, துபாய் ஆகிய தடங்கள் 2012 வாக்கிலேயே கைவிடப்பட்டுவிட்டன.

சீரழிவின் வேர் இன்னும் பழையது. 1994ல் நிறுவனத்தின் பெரும்பங்கு ஒரு தனியார் தொழிலதிபர் கைக்குப் போனது. நிதிச் சிக்கல் முற்றியதும் 2000ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அதைப் பங்குக்கு 8 ரிங்கிட் வீதம் திரும்ப வாங்கச் சம்மதித்தது. அப்போதைய சந்தை விலை அதில் பாதிகூட இல்லை. அடுத்த ஆண்டு டோனி ஃபெர்னாண்டஸ் கூட்டாளிகளுடன் சேர்ந்து கடனில் கிடந்த ஏர்ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, மலிவு விலைச் சேவையாக மாற்றினார். உள்நாட்டுத் தடங்களிலும் பக்கத்து நாடுகளுக்கான தடங்களிலும், மாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசியா ஏர்லைன்சால் தன் விலைக்கு டிக்கெட் விற்க முடியாமல் போனது. ஆட்குறைப்போ தடக்குறைப்போ அரசியல் அனுமதியில்லாமல் நடக்காத நிலையில், செலவு மட்டும் அப்படியே இருந்தது. 2015ல் தலைமை ஏற்ற ஜெர்மானியர் கிறிஸ்டோஃப் மியூலர், நிறுவனம் நடைமுறையில் திவாலாகிவிட்டது என்றும் சரிவு 2014க்கு வெகுமுன்பே தொடங்கியது என்றும் வெளிப்படையாகவே சொன்னார்.

சந்தேகம்: ஆம்ஸ்டர்டாமை விட்டதற்கு எம்எச்17 தாக்குதல்தான் காரணமா?

விளக்கம்: அந்த விமானம் புறப்பட்ட ஊர் என்பதால் இந்த எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் பாரிசும் அதே மாதத்தில் நின்றது. பிராங்க்ஃபர்ட் அதற்கு முன்பே 2015ல் நின்றது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனும் அதே ஆண்டில் போனது. இவற்றுக்குப் பொதுவாக இருந்தது தூரமும் நட்டமும்தான். ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. டச்சு நிறுவனமான கேஎல்எம் அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேராகவே பறந்துகொண்டிருந்தது. ஒரே தடத்தில் இருவர் நட்டப்பட வேண்டிய அவசியமில்லை.

சந்தேகம்: கோட்ஷேர் என்கிறார்களே, அது என்ன?

விளக்கம்: ஒரே விமானத்துக்கு இரண்டு நிறுவனங்கள் தத்தம் எண்ணைக் கொடுத்து, இரண்டுமே டிக்கெட் விற்பதுதான் கோட்ஷேர். உங்கள் டிக்கெட்டில் எம்எச் என்று தொடங்கும் எண் இருக்கும். ஏறி அமர்ந்தால் அது எமிரேட்ஸ் விமானமாக இருக்கும். கிராமத்து மினி பஸ் பயணிகளைக் கொண்டுவந்து புறநகர்ப் பேருந்து நிலையத்தில் விட, அங்கிருந்து விரைவுப் பேருந்து ஏற்றிச் செல்வதுபோல இரண்டு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று ஆள் சேர்த்துக் கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டின் வழியே மாஸ் எண்ணில் 90க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு டிக்கெட் வாங்க முடிந்தது. பதிலுக்கு எமிரேட்ஸ் பயணிகள் மாஸ் விமானத்தில் பினாங்கு, கூச்சிங் போன்ற ஊர்களுக்குப் போனார்கள்.

டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்துக்கே போகும். விற்றவருக்குக் கிடைப்பது கமிஷன். வருவாய் சிறிதுதான். ஆனால் எரிபொருள் விலை ஏறினாலும் இருக்கை காலியாகப் போனாலும் அந்த இடி விற்றவர் தலையில் விழாது.

சந்தேகம்: எமிரேட்ஸ்தானே பயணிகளைத் தட்டிப் பறித்தது? அவர்களோடே கூட்டா?

விளக்கம்: நியாயமான கோபம்தான். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருக்கிறது துபாய். கோலாலம்பூரிலிருந்து ஏழெட்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அங்கே ஒரே இடத்தில் விமானம் மாறி ஐரோப்பாவின் சிறு நகரங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பறக்கலாம். கோலாலம்பூர் அப்படி நடுவில் இல்லை, ஓர் ஓரத்தில் இருக்கிறது. பாரிஸ் போன்ற சில ஊர்களுக்கு மட்டும் நேராகப் பறந்த மாஸ், லியோனுக்கோ மிலானுக்கோ போகிறவரை எப்படியும் இழந்துகொண்டுதான் இருந்தது. இழந்த பயணியிடமிருந்து கமிஷனாவது வரட்டும் என்பதே 2015ன் கணக்கு.

போட்டியாளருடன் சேர்வது மாசுக்குப் புதிதும் அல்ல. 2011 ஆகஸ்டில் ஏர்ஏசியாவுடன் பங்கு மாற்றிக்கொண்டார்கள். ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, 2012 மே மாதத்தில் அந்த ஏற்பாடு ரத்தானது. எமிரேட்ஸ் உடன்பாட்டில் பங்கு கைமாறவில்லை, அதனால் பிரிவதும் எளிது. 2022ல் மாஸ் இதே முறையில் கத்தார் ஏர்வேசுடன் உறவை விரிவாக்கி, தோஹாவுக்குத் தானே பறக்கத் தொடங்கியது. வளைகுடாவில் ஒருவரை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை என்று இதில் தெரிந்தது.

சந்தேகம்: நாட்டின் சொத்தை விற்றுவிட்டார்களா, இல்லையா?

விளக்கம்: விற்கவில்லை. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 2014ல் மற்றவர்களின் பங்குகளைப் பங்குக்கு 27 சென் கொடுத்து வாங்கி, நிறுவனத்தைப் பங்குச்சந்தையிலிருந்தே வெளியே எடுத்தது. 600 கோடி ரிங்கிட் மீட்புத் திட்டம் போடப்பட்டது. தனிச் சட்டம் இயற்றி, பழைய நிறுவனத்தை நிர்வாகி கையில் விட்டு, 2015 செப்டம்பர் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனம் இயங்கத் தொடங்கியது.

பங்கையும் நிர்வாகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். 1998ல் அங்கே அரசு விமான நிறுவனத்தில் அதே எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. அதிபரின் பரிவாரத்துக்கு இருக்கை தர மறுத்த விவகாரத்துக்குப் பிறகு, நிறுவனத்தின் தலைமை அதிகாரியின் விசா ரத்தானது. 2008ல் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது, 2010ல் பங்குகளை அரசே திரும்ப வாங்கியது. அதற்குப் பிறகு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நட்டத்திலிருந்து மீளப் படும்பாடு நமக்குத் தெரிந்ததுதான்.

சந்தேகம்: ஊழியர்களின் கதி என்ன ஆனது?

விளக்கம்: இதில் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 20,000 பேரில் 6,000 பேர் வேலை இழந்தார்கள். மீதிப் பேருக்குப் புதிய நிறுவனத்தில் புதிய ஒப்பந்தம். தடம் குறைவதன் முழு விலையையும் கொடுப்பது அவர்கள்தான். பயணிக்குத் துபாயில் சில மணி நேரம் காத்திருப்பதோடு போய்விடும்.

சந்தேகம்: டிக்கெட் எம்எச், பறந்தது வேறு நிறுவனம். பெட்டி தொலைந்தால் யாரைக் கேட்பது?

விளக்கம்: இருவரையும் கேட்கலாம். மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, டிக்கெட் விற்ற நிறுவனமும் விமானத்தை ஓட்டிய நிறுவனமும் பொறுப்பு. நடைமுறையில், கடைசியாகக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்தின் கவுண்டரில், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுப்பது நல்லது. பெட்டிக்கு ஒட்டிய பட்டைச் சீட்டையும் போர்டிங் பாசையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே விமானத்தை இயக்குவது யார் என்ற வரியைப் படியுங்கள். அனுமதிக்கும் எடை, சாப்பாடு, இருக்கைத் தேர்வு ஆகியவை அந்த நிறுவனத்தின் விதிப்படி மாறலாம்.

சந்தேகம்: போட்டி குறைந்தால் கட்டணம் ஏறாதா?

விளக்கம்: ஏறக்கூடும். நேர் சேவை ஒன்று நிற்கும்போது, நேரத்துக்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். மாறிப் போகச் சம்மதிப்பவருக்கு துபாய், தோஹா, இஸ்தான்புல், சிங்கப்பூர் என்று வழிகள் பல. அங்கே விலை அவ்வளவு எளிதில் ஏறாது. ஒரே தடத்தில் பறக்கும் இருவர் வருவாயையே பங்குபோடும் கூட்டுதான் அதிகக் கவனம் கேட்கிறது. 1972ல் பிரிந்த உடன்பிறப்பான சிங்கப்பூர் ஏர்லைன்சுடன் மாஸ் 2019ல் அப்படியோர் ஒப்பந்தம் போட்டது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் போன்ற நெரிசல் மிகுந்த தடத்தில் அது என்ன செய்யும் என்று பார்க்க, போட்டிக் கண்காணிப்பு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டன.

சந்தேகம்: சென்னைத் தடத்துக்கும் இதே கதி வருமா?

விளக்கம்: அன்று வரவில்லை. சென்னை ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய போயிங் 737 போதும். ஒரே விமானம் ஒரே நாளில் போய்த் திரும்பி, இன்னொரு வேலையும் பார்க்கும். உறவு, கோயில், மருத்துவம், வியாபாரம் என ஆண்டு முழுதும் கூட்டம் உண்டு. இங்கே சிக்கல் ஏர்ஏசியா போன்றவர்களின் மலிவு விலைதான். ஐரோப்பாவை விட்ட நிறுவனம், இந்திய நகரங்களைக் குறைக்காமல் பிற்பாடு கூட்டவே செய்தது.

சந்தேகம்: கடைசியில் இதனால் பலன் உண்டா?

விளக்கம்: கோட்ஷேர் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை, அவகாசம் வாங்கிக் கொடுத்தது. 2015க்குப் பிறகும் நட்டம் தொடர்ந்தது. நிலைமை மாறியது, கொரோனாவின் போது கடன் கொடுத்தவர்களோடும் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடும் பேசி 1,500 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கடன்சுமையைக் குறைத்த பிறகுதான். கசானா மேலும் 360 கோடி ரிங்கிட் தர முன்வந்தது. 2023ல் தாய் நிறுவனமான மலேசியா ஏவியேஷன் குரூப் 76.6 கோடி ரிங்கிட் நிகர லாபம் காட்டியது. நான்கு இன்ஜின் ஏ380 போய், 286 இருக்கைகளும் இரண்டு இன்ஜின்களும் கொண்ட ஏ350 வந்ததால் நீண்ட தடத்தின் கணக்கும் மாறியது. பாரிஸ் திரும்பியதன் பின்னணி இதுதான்.

ஆனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2024 ஆகஸ்டில் பராமரிப்புக் குறைகளும் பொறியாளர் பற்றாக்குறையும் வெளிவந்தன. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், விமானம் இயக்கும் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. அந்த ஆண்டின் இறுதிவரை சேவைகள் மறுபடி வெட்டப்பட்டன, ஆண்டு லாபம் 5.4 கோடி ரிங்கிட்டாகச் சுருங்கியது. கடனைக் குறைத்தாலும், பழுதுபார்க்க ஆளில்லையென்றால் தடம் நிலைக்காது.

எனவே எந்த நாட்டிலும் இத்தகைய கூட்டு அறிவிக்கப்படும்போது எத்தனை ஊர்கள் சேர்ந்தன என்ற பட்டியலைவிட, வாங்கிய அவகாசத்தில் நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்று கேட்பதே பயன் தரும். கடனைக் குறைக்கத் திட்டம் உண்டா? அந்தத் தடத்துக்குப் பொருந்தும் விமானம் எப்போது வரும்? அதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் இல்லாவிட்டால், அடுத்த வெட்டு எந்த ஊருக்கு என்பதுதான் மிச்சக் கேள்வி.