தேனீக்கு மலரும் வேண்டும், மனையும் வேண்டும்

நகரத்தில் ஓர் உயர்ந்த கட்டடம். அதன் முன்னே அழகிய பூந்தோட்டம். ஒருநாள் ஐந்தாம் மாடியின் வெளிவிளிம்பில் மலைத்தேனீக்கள் கூட்டமாக வந்து தங்குகின்றன. சில நாட்களில் பெரிய தேனடை ஒன்று உருவாகிறது. குடியிருப்போர் அஞ்சி முறையிடுகின்றனர். இரவில் ஆட்கள் வந்து தீப்பந்தம் காட்டியோ பூச்சிக்கொல்லி தெளித்தோ அடையை அழித்துவிடுகின்றனர். மறுநாட் காலையில் தோட்டத்துப் பாத்திகளின்மேல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இறந்து கிடக்கின்றன. அந்தப் பாத்திகளில் மலர்ச் செடிகளை நட்டவர்களும் அதே கட்டடத்தாரே. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரவேண்டும் என்ற விருப்பத்தினாலேயே அவற்றை நட்டனர்!

நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் காணப்படும் நிகழ்ச்சி இது. இதில் ஓர் உண்மை மறைந்துள்ளது. தேனீ நம்மிடம் மலரை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. குடியிருக்க இடமும் எதிர்பார்க்கிறது. முன்னதை நாம் மனமுவந்து அளிக்கிறோம். பின்னதை அறியாமலேயே அழித்து வருகிறோம்.

எத்தனை வகை, எத்தனை வீடு

தேனீ என்றவுடன் தேன் தரும் பூச்சியே நம் நினைவிற்கு வருகிறது. உலகில் இதுவரை அறியப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கும் மேற்பட்டவை. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 700 இனங்கள் உள்ளன. இவற்றுள் தேன் சேர்த்து வைத்துக் கூட்டமாக வாழ்பவை மிகச் சிலவே. பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ, சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவில் அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்துகளில் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இந்தியத் தேனீ, சுவர் வெடிப்புகளில் வாழும் கொடுக்கற்ற கொசுத்தேனீ ஆகியவை நாம் நன்கறிந்தவை. ஐரோப்பியத் தேனீ இங்கு வெளியிலிருந்து வந்தது. அது 1962 ஆம் ஆண்டில், இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோட்டாவில் வெற்றிகரமாக நிலைபெற்றது.

எஞ்சிய தேனீக்களிற் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிற்கு இராணியும் இல்லை, ஏவலரும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வளை தோண்டி, மகரந்தத்தையும் மதுவையும் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் முட்டையிட்டு அறையை மூடிவிடும். இவற்றிற் பலவற்றின் வீடு வெறும் மண்தரையே. சில உளுத்த மரத்தைத் துளைக்கின்றன. சில மூங்கிற் குழாயிலும் காய்ந்த தண்டிலும் புகுந்து வாழ்கின்றன. காக்கவேண்டிய பெருங்கூடு இல்லாமையால், இவை மனிதரைக் கொட்டுவது மிக அரிது.

காணக் காண இன்பம்

இவற்றின் வாழ்க்கையைக் காண்பதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. காலையில் கத்தரிச் செடியருகே சற்று நின்றால் போதும். கத்தரியில் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். அதன் வழியேதான் மகரந்தம் வெளிவர இயலும். வயிற்றில் நீலக் கோடுகளையுடைய ஒரு தேனீ அம்மலரைக் கால்களாற் பற்றிக்கொண்டு, இறகை அசைக்காமலே பறக்குந் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. ‘கிர்ர்’ என்னும் ஒலி எழும். மகரந்தம் பொடியாக உதிரும். தேன் தரும் தேனீக்களால் இதனைச் செய்ய முடியாது. இந்த நீலக்கோட்டுத் தேனீயின் ஆண்கள், மாலை வேளையில் மெல்லிய காம்பைத் தாடைகளால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வரிசையாக உறங்குவதையும் காணலாம்.

வேலியில் கொம்புத்தேனீயின் அடை இருக்குமாயின் அது பெரும் பேறேயாகும். மலர்கள் உள்ள திசையையும் தொலைவையும் தேனீ நடனத்தின் மூலம் தன் இனத்திற்கு அறிவிக்கிறது என்பதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞருக்கு, 1973 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்து, ஆசியத் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார். பொந்தில் வாழும் தேனீ இருளில், செங்குத்தான அடையின்மேல் ஆடுகிறது. கொம்புத்தேனீயோ அடையின் மேற்பரப்பையே திறந்த மேடையாகக் கொண்டு, மலர் உள்ள திசையை நேராகச் சுட்டி ஆடுகிறது. சில அடி தொலைவில் அசையாது நின்று நோக்குவோர் இதனைக் கண்ணாரக் காணலாம். எறும்பு ஏறாதவாறு கிளையின் இருபுறமும் அது பூசியுள்ள பிசின் வளையமும் காணத்தக்கதே.

துப்புரவினால் வரும் தீங்கு

இத்தகைய விருந்தாளிகளை நாம் எவ்வாறு விரட்டுகிறோம்? பெரும்பாலும் துப்புரவினாலேயே. சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்துகிறோம். பட்ட கிளைகளை வெட்டி எறிகிறோம். மண்தரைக்குச் சிமெண்டு பூசுகிறோம் அல்லது புல்விரிப்பு இடுகிறோம். ரோஜா இலையில் வட்டவட்டமாக வெட்டு விழுந்திருந்தால், நோய் என்று எண்ணி மருந்து அடிக்கிறோம். அது இலைவெட்டித் தேனீ தன் குழந்தைக்குத் தொட்டில் அமைக்க எடுத்துச் சென்ற துண்டு. அதனால் செடிக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைவதில்லை. துவரை முதலிய பயிர்களின் மகரந்தச் சேர்க்கைக்கு இவ்வினத் தேனீக்கள் பெரிதும் உதவுகின்றன.

நம் முன்னோர் இவ்வளவு கடுமை காட்டவில்லை. இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், காஷ்மீர் ஆகிய மலைப்பகுதிகளில், கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய பழைய வீடுகளின் தடித்த சுவரிலேயே தேனீக்காக ஒரு பொந்து விடுவது வழக்கம். அதன் வெளிப்புறத்தில் சிறு துளை இருக்கும். உட்புறம் பலகையால் மூடப்பட்டிருக்கும். இந்தியத் தேனீ தானே வந்து குடியேறும். குடும்பத்தார் வீட்டினுள்ளிருந்தே பலகையை நீக்கித் தேன் எடுப்பர். சிமெண்டுச் சுவர்கள் பெருகப் பெருக இவ்வழக்கம் குறைந்து வருகிறது.

ஆகவே தோட்டம் உடையோர் சில எளிய முறைகளைக் கைக்கொள்ளலாம். வெயில் படும் ஒரு மூலையில் இரண்டு மூன்று முழம் நிலத்தைக் கொத்தாமல், வெறுந்தரையாக விடுக. காய்ந்த மரக்கட்டை ஒன்றையும், ஒருபுறம் கணுவால் மூடிய மூங்கில் துண்டுகள் சிலவற்றையும் மழை படாத இடத்தில் வைக்க. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மலர் இருக்குமாறு செடிகளைத் தேர்ந்தெடுக்க. வடநாட்டுச் சமவெளியில் குளிர்காலத்தில் கடுகு, கோடைத் தொடக்கத்தில் வேம்பும் புங்கமும் நாவலும், மழைக்காலத்தில் எள்ளும் பூசணியும், அதன்பின் இலந்தையும் இவ்வாறு தொடர்ந்து மலர்பவை. துளசியும் தும்பையும் எங்கும் வளரும். அடுக்கு மலர்களில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிவிடுவதால் தேனீக்கு உணவு அதிகம் கிடைப்பதில்லை. மருந்து தெளித்தே தீரவேண்டுமெனில், பூக்கும் காலத்தைத் தவிர்த்து, தேனீக்கள் நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளிக்க.

சரணாலயங்களில்

மகாராஷ்டிரத்தில் உள்ள பீமாசங்கர் சரணாலயத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் நடத்திய ஆராய்ச்சி 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மக்கள் கருவண்டு என்று அழைக்கும் தச்சுத்தேனீக்களில் ஓர் இனம் அங்கு இரவில் பறக்கிறது. நிலவில்லாத இரவிலும், விண்மீன்களின் ஒளியிலேயே நிறங்களைப் பிரித்தறிந்து தன் கூட்டை அடைகிறது. சைலோகோப்பா ட்ராங்கபாரிக்கா என்னும் அதன் விஞ்ஞானப் பெயரில் நம் தரங்கம்பாடி ஒளிந்துள்ளது. டேனிஷ் மக்களின் குடியேற்றமாக விளங்கிய அவ்வூரின் பெயரை, ஃபாப்ரீசியஸ் என்னும் டேனிஷ் அறிஞர் 1804 ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டினார்.

இத்தேனீ குடியிருப்பது பட்டுப்போன மரத்தில். விறகுக்கென்று காட்டின் பட்ட மரங்களையெல்லாம் அகற்றிவிட்டால், காடு பசுமையாகவே தோன்றும். இரவுத் தேனீக்கோ குடியிருப்பு இராது. அதனை நம்பி இரவில் மலரும் மரங்களும் காய்ப்பது குறையும்.

தேனீக்களைப் பெருக்குவதற்காகச் சரணாலயத்தினுள் தேன் பெட்டிகளை வைக்கலாமே எனச் சிலர் கருதுகின்றனர். கறவை மாடு வளர்ப்பதால் காட்டு மான் பெருகுவதில்லை. வளர்ப்புத் தேனீக்கள் மிகுந்தால், காட்டுத் தேனீக்களுக்குரிய உணவு குறையும், நோயும் பரவக்கூடும். 1991-92 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய வைரஸ் நோய் ஒன்று, இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதியை அழித்தது என்பதை மறத்தலாகாது. காட்டில் தேன் எடுப்போர், மலைத்தேனீயின் அடையில் தேன் உள்ள மேற்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புழுக்கள் வளரும் பகுதியை விட்டுவிட்டால், கூட்டம் பிழைத்துக்கொள்ளும். முழு அடையையும் அறுப்பதும் தீயிடுவதும் அடுத்த ஆண்டுத் தேனையும் அழிப்பதாகும்.

மாடியில் தொங்கும் அடை

இறுதியாக, தொடக்கத்தில் கண்ட கட்டடத்திற்குத் திரும்புவோம். மலைத்தேனீ ஆபத்தற்றது என்று கூறுவதற்கில்லை. சீண்டப்பட்டால் கூட்டமாக வந்து கொட்டும். பல கொட்டுகள் உயிருக்கே கேடாகலாம். எனினும் அது ஓரிடத்தில் நிலையாக வாழ்வதில்லை. சில மாதங்கள் தங்கி, மலர்கள் குறைந்ததும் வேறிடம் சென்றுவிடும். அதுவரை அருகிலுள்ள சன்னல்களை மூடி வைப்பதும், இரவில் விளக்கொளி வெளியே தெரியாமல் திரையிடுவதும், கல்லெறிதல், புகையிடுதல் முதலியவற்றைத் தடுப்பதும் பெரும்பாலும் போதுமானவை. பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் அகற்றியே ஆகவேண்டுமெனில், பயிற்சி பெற்றவரைக் கொண்டு உயிருடன் அகற்றலாம். கூட்டம் சென்றபின் மெழுகின் சுவட்டைச் சுரண்டி வலை கட்டினால், அவை மீண்டும் அவ்விடத்தில் தங்குவது குறையும்.

பூசணியின் பெண்மலர் ஒரே ஒரு காலைப்பொழுதே விரிந்திருக்கும். அந்தச் சில மணி நேரத்திற்குள் ஆண்மலரிலிருந்து மகரந்தம் வந்து சேராவிடில், பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். வர வேண்டிய தேனீ எங்கிருந்து வரும்? நாம் விட்டுவைத்த சுவர் வெடிப்பிலிருந்தோ, வெறுந்தரையிலிருந்தோ, மாடி விளிம்பிலிருந்தோதான் வரும். தோட்டத்தில் மலர் வளர்ப்போர் ஒவ்வொருவரும், அதற்கு உறவாகிய உயிருக்கும் ஒரு சாண் இடம் ஒதுக்குவது கடமையாகும்.