கல்லாவைத் தாண்டி உள்ளே வாங்க!

சென்னையில் ஆண்கள் ஆசைப்பட்டு வாங்கும் பொருள்களில் உருப்படியானது எதுவும் கண்ணாடி ஷோகேஸோடு முடிவதில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும், இல்லையென்றால் ஒரு ஆள் ஒருக்களித்து ஏறுகிற மாதிரி குறுகலான மரப்படி இருக்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் வேலை தெரிந்த மனிதர் உட்கார்ந்திருப்பார், கையில் உளியோ கத்தரிக்கோலோ பிரஷ்ஷோ வைத்துக்கொண்டு. அவரைப் பார்க்காமல் பில் போட்டுக்கொண்டு வந்தால் வாங்கிய சந்தோஷத்தில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். "அண்ணே, உள்ள கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "வாங்க, வாங்க" என்றுதான் சொல்வார்கள். அப்புறம் உங்களை வெளியே கூட்டிவருவதுதான் கஷ்டம்!

பாரிமுனையில் ஆரம்பிக்கலாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கும் ‘ஜெம் அண்ட் கோ’ 1920களிலிருந்து பேனா விற்கிற கடை. ‘காமா’ என்ற பெயரில் அவர்கள் தரும் எபோனைட் பேனாக்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். திருவள்ளூரில் ‘ரங்கா’ என்று இன்னொரு பேனா குடும்பம் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேனா சேகரிப்பவர்கள் அவர்களுக்கு எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள். நாம் மின்சார ரயில் ஏறினாலே போய்விடலாம்.

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை ஏகத்துக்குச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய பொருள். 1851இல் நெல்சன் குட்இயர் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கடைசல் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் விஷயம் தெரியும். லேத்தில் சுற்றும் கறுப்புக் கம்பியில் உளி பட்டவுடன் சுருள் சுருளாகச் சீவல் உதிரும், கூடவே தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை எழும்பும். மூடிக்கு உள்மரை, உடம்புக்கு வெளிமரை. இரண்டும் ஒன்றுக்கொன்று பிசிறில்லாமல் ஏறுகிறதா என்று மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்ப்பார். பளபளப்பு ஏற்றிக் கையில் கொடுத்ததும் தெரியும் பாருங்கள் ஒரு கதகதப்பு! பிளாஸ்டிக் பேனா ஏசி அறையில் சில்லென்று கிடக்கும், எபோனைட் உடனே நம் விரல் சூட்டுக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டால் அந்தக் கறுப்பு லேசாகப் பழுப்பாகும். எனக்கு அந்தப் பழுப்பும் பிடிக்கும்.

அசல் வேடிக்கை நிப் பொருத்தும்போதுதான். "சார், சாய்ச்சு எழுதுவீங்களா, நிமித்திப் பிடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். நாம் கையெழுத்துப் போடுவோம். அவர் நம் கையெழுத்தைப் பார்ப்பதில்லை, விரல் எங்கே அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். மை வருவதற்கான நாக்கைக் கொதிநீரில் முக்கி, இளகிய நேரத்தில் நிப்போடு சேர்த்து அழுத்துவார். இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிப் நுனியை மிக நைசான தேய்ப்புத்தாளில் எட்டு போட்ட மாதிரி இழுப்பார். மறுபடி எழுதச் சொல்வார். காகிதத்தில் கரகரவென்று கேட்ட சத்தம் காணாமல் போயிருக்கும். மெஷினில் ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு நிப், கண்ணெதிரே உங்கள் ஒருவர் கைக்கு மட்டும் மாறிவிட்டது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மை ஊற்றும் பேனாவை வாங்கினால் விமானத்தில் ஏறும்போது தொண்டை வரை நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலியாக வையுங்கள். உள்ளே காற்று நிறைய இருந்தால் மேலே போகப் போக அது விரிந்து மையைச் சட்டைக்குத் தள்ளும்.

அங்கிருந்து பெரியமேடு பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதப்படுத்தும் தோல் சென்னையில் கைமாறும் பழைய இடம் இது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் வந்ததற்கும் இந்தத் தொழில்தான் காரணம். கடைகளின் மாடியில் தோல்கள் அடுக்கடுக்காக மடித்துக் கிடக்கும், சதுர அடிக் கணக்கில் விலை. ஷூ வாங்க வந்தவர்கள் பாலிஷ் மினுமினுப்பைப் பார்த்து மயங்குவார்கள். நீங்கள் மடித்துப் பாருங்கள். மேல்தோலைச் சுரண்டாமல் விட்ட நல்ல தோல், மடிக்கிற இடத்தில் மெல்லிய ரேகைகளாகச் சுருங்கி, விட்டதும் பழையபடி ஆகும். சுரண்டிவிட்டு மேலே பூச்சு கொடுத்தது முரட்டு மடிப்பாக நிற்கும். வெட்டிய ஓரத்தில் நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ‘வெல்ட்’ என்ற தோல்பட்டை வைத்துத் தைத்திருந்தால் கூடுதல் காசு கொடுங்கள், யோசிக்காதீர்கள். அடி தேய்ந்ததும் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். வெறும் பசையில் ஒட்டிய ஷூவுக்கு அந்த மறுபிறவி சுலபத்தில் கிடைக்காது.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணா சாலை. 1951இல் ஆரம்பித்த புகாரி, சிக்கன் 65ஐ 1965இல் மெனுவில் ஏற்றிய ஓட்டல். 78, 82, 90 என்றும் அங்கே சிக்கன் உண்டு. 65ஐ விட்டு வேறு எண்ணுக்குப் போக எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

வயிறு நிறைந்த கையோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பிவிடுங்கள். ஐயோ, இந்தத் தெரு! கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சை உங்கள் உட்காரும் அளவுக்குச் செதுக்கி, புது உறை இழுத்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்துக் கடையில் கிராஷ் கார்டு, எதிர்க்கடையில் சேடில் பேக், நடுவில் டீ. சைலன்சரை மாற்றச் சொல்லி ஆசைகாட்டுவார்கள், வேண்டாம். தெருவையே எழுப்பும் அந்தச் சத்தத்துக்குப் போலீஸ் அபராதம் போடும், போடவும் வேண்டும். அந்தக் காசில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு. போட்டு, வாரை மாட்டி, தலையை இடதும் வலதுமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் திரும்பும்போது கன்னச் சதையும் சேர்ந்து திரும்பினால் அதுதான் உங்கள் அளவு.

வண்டி என்று வந்துவிட்டால் புல்லட்டைப் பற்றிப் பேசாமல் எப்படி? இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளை மொத்தமாகக் கேட்டதை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து இங்கே உற்பத்தியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை வந்தது. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடிக்கொண்டது, இங்கே புல்லட் உற்பத்தி நிற்கவே இல்லை. அந்த டேங்க்கின் ஓரத்தில் ஓடும் தங்கநிறக் கோட்டைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது ஸ்டிக்கர் இல்லை. கையால் போடுவது! ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் இந்தக் கலையைக் கையில் வைத்திருப்பதைப் பல ஆவணப்படங்கள் காட்டியிருக்கின்றன.

பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ஸ்கேல் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. நீளமான மயிர் வைத்த மெல்லிய பிரஷ்ஷை பெயின்ட்டில் தோய்த்து, டேங்க்கின் வளைவில் வைத்து, அப்படியே இழுக்கிறார்கள். மயிர் நீளமாக இருப்பதால் பெயின்ட் நடுவில் வறளாது, கோடும் நடுங்காது. மணிக்கட்டு அசைவதில்லை, தோளும் உடம்பும் சேர்ந்து நகர்கின்றன. வளைவு முடியும் இடத்தில் கோடு பிசிறில்லாமல் கோட்டோடு போய்ச் சேர்கிறது. இடப்பக்கம் போட்டாயிற்றா? வலப்பக்கம் அதே வளைவைக் கண்ணாடி பிம்பமாகப் போடணும். என் கைதான் நடுங்கியது, அவர்கள் கை நடுங்கவில்லை. நிறுவனம் ஆலையைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு செய்ததுண்டு. இப்போது பதிவு நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அதுவரைக்கும் ஏதாவது ஒரு ஷோரூமில் போய்க் கோட்டுக்கு வெகு பக்கத்தில் கண்ணை வையுங்கள். தடிமன் இம்மி கூடிக் குறையும் இடம் ஒன்றாவது கண்ணில் படும். மனிதக் கை அங்கேதான் இருக்கிறது.

சட்டைக்கு ஒரே ஒரு யோசனை. மெட்ராஸ் செக்ஸ் துணி எடுத்துத் தைக்கக் கொடுங்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு அணிந்த துணி, பிறந்த ஊரில் லுங்கியோடு நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் உள்புறமும் வெளிப்புறமும் ஒன்றுபோல இருக்கும். கட்டிங் மாஸ்டரிடம், "மாஸ்டர், பாக்கெட்ல கட்டம் கட்டத்தோட சேரணும்" என்று சொல்லிவிட்டு, அவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாக்கெட் துண்டைச் சட்டையின் மேல் வைத்து நகர்த்துவார், நகர்த்துவார், சட்டென்று அது மறைந்துபோகும்! பாக்கெட் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்கணும். பட்டனும் காஜாவும் சேரும் இடத்திலும் கட்டம் தொடர்ந்தால் அந்த மாஸ்டரை ஆயுளுக்கும் விடாதீர்கள். கீழே வேட்டி கட்டிக்கொள்ளலாம். 2014இல் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். அதே வருஷம் சட்டசபை தனிச் சட்டமே போட்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

மதுக்கூடத்தை நேரக்கணக்குப்படி கடைசியில் சொல்லணும், ஆனால் எனக்குச் சாப்பாட்டில்தான் முடிக்கணும். பெரிய ஓட்டல் பார்களுக்குச் சாயங்காலம் கூட்டம் சேருவதற்கு முன்னால் போங்கள், 21 வயது முடிந்திருந்தால். எலுமிச்சை பிழிவது, பாகு காய்ச்சுவது, ஐஸ் வெட்டுவது என்று அடுக்களை வேலையெல்லாம் கவுன்டரிலேயே நடக்கும். கண்ணாடி மாதிரி தெளிந்த ஐஸ்கட்டி எப்படி வருகிறது தெரியுமா? தண்ணீரை ஒரே திசையிலிருந்து மெதுவாக உறையவிட்டால் காற்றுக் குமிழ்கள் எல்லாம் எதிர்முனைக்குத் தள்ளப்படும், அந்தக் கலங்கிய முனையை வெட்டி எறிந்துவிடுவார்கள். பார்டெண்டர் ஒவ்வொரு கலவையிலும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை நகர்த்துகிறார், கவனியுங்கள். ஒன்றோடு எழுந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

ஆட்டோ எங்கே? மறுபடி பாரிமுனைக்கு, பர்மா பஜார் பக்கம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவான கடைவரிசை அது. அவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த ருசிதான் அத்தோ. தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று பார்ப்பதைவிடப் பின்னால் நின்று பாருங்கள். சாயங்காலத்துக்கு முன்பே அங்கே வெங்காயமும் பூண்டும் தனித்தனியாக எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்துகொண்டிருக்கும். வெங்காயம் பொரித்த எண்ணெயையும் கொட்டிவிடுவதில்லை, அதுதான் மூலதனம். ஆர்டர் சொன்னதும் அகலமான பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைகோஸ், அந்தப் பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், கொத்தமல்லி, ஒரு கரண்டி எண்ணெய் எல்லாம் விழும். அண்ணன் கையாலேயே பிசைவார். ஐந்தாறு புரட்டு, அவ்வளவுதான். மேலே பேஜோவை நொறுக்கித் தூவுவார், அது மொறுமொறு தட்டை போன்ற சங்கதி. பக்கத்தில் கொதிக்கும் வாழைத்தண்டு சூப்பை ஒரு கிண்ணம் ஊற்றித் தருவார், அதற்குத் தனிக்காசு இல்லை என்று சொல்லும் வண்டிக்கே போங்கள்.

"தம்பி, காரம் எப்படி?"

"நல்லாவே போடுங்கண்ணே. பூண்டு எண்ணெய் இன்னொரு கரண்டி."

தயங்காமல் கேளுங்கள், கொடுப்பார். கூடவே ஒரு முட்டை மசாலா சொல்லுங்கள். வெந்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள், ஒரே வாயில் போடணும். மெட்ராஸ் செக்ஸ் சட்டை போட்டிருந்தால் கவலையே வேண்டாம், அந்த ஆரஞ்சுக் கறை கட்டத்தில் தெரியாது.