பழைய நீர் ஸ்கூட்டர்: பிஸ்டனை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்



இந்த வாரம் நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கடலில் ஓடும் நீர் ஸ்கூட்டர். எல்லாரும் இதை ‘ஜெட் ஸ்கி’ என்றே சொல்கிறோம். உண்மையில் அது கவாசாக்கி நிறுவனம் 1973-இல் வெளியிட்ட தன் வண்டிக்கு வைத்த பெயர். யமாஹாவின் வண்டிக்கு வேவ்ரன்னர் என்று பெயர். பொம்பார்டியர் சீ-டூ என்றது. பெயர் எதுவானாலும் 1980களிலும் 1990களிலும் வந்தவை பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கார்புரேட்டர். கைமாறிக் கைமாறி நம்மிடம் குறைந்த விலைக்கு வந்து சேர்பவையும் இவையே.

அப்படி வாங்கியவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது. வண்டி ஒரு நாள் கரையைவிட்டு வெகுதூரத்தில் நின்றுவிடுகிறது. பட்டறையில் திறந்து பார்த்தால் ஒரு பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருக்கிறது. நம்மூர் போமன் புது பிஸ்டனும் வளையங்களும் போட்டுக் கொடுக்கிறார். பெரிய தொகை கைமாறுகிறது. இரண்டே வாரத்தில் அதே சிலிண்டர், அதே ஓட்டை! உடனே ‘மட்டமான சாமான் போட்டுவிட்டாய்’ என்று சண்டை வருகிறது. பிஸ்டன் மேல் பழி போட்டுப் பயனில்லை. அது செத்த ஆள். கொன்றவன் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறான்.

பெரும்பாலும் அந்தக் கொலைகாரன் பெட்ரோல் பற்றாக்குறை. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் சேர்ந்தால் எரியும் வெப்பம் ஏறுகிறது. உள்ளே வரும் பெட்ரோல்தான் பிஸ்டனை ஓரளவு குளிர்விக்கிறது. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டிகளில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்து குறைகிறது. பிஸ்டனோ அலுமினியக் கலவை. தூய அலுமினியமே 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். கார் ஓட்டுபவர் முழு வேகத்தில் பத்து நிமிடம் மிதிப்பது அரிது. கடலில் இந்த வண்டியை எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், பெட்ரோல் குறைந்த இயந்திரம் சாவதற்கு முன் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஓடும். ‘இன்றைக்கு வண்டி பிரமாதம்’ என்று நினைக்கும் வேளையில்தான் அது இறுகி நிற்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கைவைக்குமுன் இருக்கையைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். வண்டியின் வயிறு மூடிய பெட்டி போன்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தேங்கும். ஒரு பொறி போதும்.

ஸ்டார்ட் ஆகவே இல்லையென்றால் முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் முனை சரியாக அமர்ந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயின் திருகு ‘ஆஃப்’ நிலையில் இருக்கிறதா, இவ்வளவுதான். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் பேட்டரி, பேட்டரி வயர்களின் முனைகள், ஸ்டார்ட்டர் ரிலே ஆகியவற்றைச் சோதியுங்கள். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக அரித்துவிடும். சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் உயிர் பெறும். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையே சந்தேகிக்கலாம்.

அடுத்து ஸ்பார்க் பிளக். அதன் முனை இளம்பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம், அல்லது பொறி சரியாக வரவில்லை. வெள்ளையாக வெளுத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; பெட்ரோல் பற்றாக்குறைக்கு அதுவே சாட்சி.

பிறகு அமுக்கச் சோதனை. இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர் முனைகளை இயந்திரத்தின் உலோகத்தோடு இணைத்துவிட்டு, மானியைத் திருகி, திராட்டிலை முழுவதும் திறந்து பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நலமான பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் 120 முதல் 160 பி.எஸ்.ஐ. வரை காட்டும். மானிக்கு மானி அளவு மாறும் என்பதால் எண்ணைவிட வித்தியாசமே முக்கியம். ஒரு சிலிண்டர் 145, மற்றது 110 என்றால் அந்த இயந்திரத்தைத் திறந்துதான் ஆகவேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் திறக்க அவசரப்படாதீர்கள். அமுக்கம் நன்றாக இருக்கும் இயந்திரத்தைக் கழற்றுவது வீண் செலவு.

இனி ஒளிந்திருப்பவனைத் தேடுவோம். தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை வரும் பெட்ரோல் குழாய்கள்தான் முதல் சந்தேகம். இந்தக் குழாய்களில் பெட்ரோலை யாரும் தள்ளுவதில்லை. கார்புரேட்டரில் உள்ள சிறு பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே குழாயில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ‘கசிவே இல்லையே’ என்று கையால் தடவிப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திருகின் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம் காய்ந்தாலும் இதே கதை. 1990களில் வந்த சீ-டூ வண்டிகள் பலவற்றில் சாம்பல் நிறக் குழாய்கள் இருக்கும். அவை வயதானதும் உள்பக்கம் கரைந்து, பச்சைப் பிசினாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் நுண்ணிய வலையை அடைத்துவிடும். அந்தக் குழாய்களைக் கண்டால் யோசிக்காமல் முழுவதையும் மாற்றிவிட்டு கார்புரேட்டரையும் திறந்து கழுவுங்கள். பிஸ்டன் விலையோடு பார்த்தால் குழாய் விலை ஒன்றுமே இல்லை.

பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டியும் உண்டு. அது நின்ற கணத்தில் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் தொட்டிக்குக் காற்று விடும் ஒருவழி வால்வு அடைத்திருக்கிறது என்று பொருள். மிக மலிவான பழுது இது. ஆனால் இதற்காகக் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துப் பூட்டுவோரும் உண்டு!

அந்தச் சிறு பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. கிராங்க் பெட்டிக்குள் மாறி மாறி எழும் அழுத்தமே ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து அதன் சவ்வை ஆட்டுகிறது. அந்தக் குழாய் விரிசல் கண்டாலும் சவ்வு விறைத்துப் போனாலும் பெட்ரோல் குறையும். கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள சீல் தேய்ந்தால் காற்று நேராக உள்ளே நுழையும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. உள்வழி, வெளிவழி எல்லாவற்றையும் அடைத்து, சுமார் 8 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்ப்பதுதான் வழி. இறங்கினால் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிஸ்டன் மாற்றித் தரும் பட்டறையில் ‘இந்தச் சோதனை செய்தீர்களா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. செய்யவில்லை என்றால் பணம் கொடுக்குமுன் செய்யச் சொல்லுங்கள்.

இயந்திரம் அலறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் அது இயந்திரக் கோளாறே அல்ல. பின்னால் நீரைப் பீய்ச்சும் பம்பில் பாசியோ நைலான் கயிறோ சிக்கியிருக்கலாம். இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்திருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றையும் எடுத்த பிறகே அங்கே கை நுழைக்க வேண்டும்.

கவிழ்ந்து உள்ளே கடல் நீர் போன வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, வயர்களை உலோகத்தோடு இணைத்து, நீர் முழுவதும் வெளியேறும்வரை சுற்றி, எண்ணெய் தெளித்து, அன்றே ஓடவைக்க வேண்டும். ஓர் இரவு விட்டாலே பேரிங்குகளில் துரு ஏறத் தொடங்கும். பழுதான வண்டியைப் படகில் கட்டி வேகமாக இழுத்தாலும் பல வண்டிகளில் நீர் உள்ளே ஏறும். ஆகவே மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. யமாஹாவுக்குச் சொல்லப்பட்ட எண்ணெய் வகை வேறு, சீ-டூவின் ரோட்டாக்ஸ் இயந்திரத்துக்குச் சொல்லப்பட்டது வேறு. கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள்.

புது பிஸ்டன் போட்ட வண்டியின் முதல் தொட்டி பெட்ரோல் தீரும்வரை திராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழுதாக அழுத்திப் பிடிக்க வேண்டாம். போர்ட்டிக்சனோ பொங்கோலோ, அன்று கரையோரமாகவே இருங்கள். திரும்பியதும் நல்ல நீரில் கழுவும்போது முதலில் இயந்திரத்தை ஓடவிட்டு, பிறகு குழாயைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, சில விநாடியில் இயந்திரத்தை நிறுத்துங்கள். வரிசை மாறினால் புகைக்குழாய் வழியாக நீர் திரும்பிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.