தீம் பார்க் போறீங்களா? கொடுத்த காசுக்கு ஆடலாம்... வெயில்ல சுருண்டு விழக்கூடாது!

நெமிலிச்சேரி:

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. பிள்ளைகளின் நச்சரிப்பும் ஆரம்பிச்சாச்சு. "அப்பா, எப்போ தீம் பார்க்?" என்ற கேள்வி ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் எல்லா வீடுகளிலும் கேட்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு நாள் லீவு போட்டு, மனைவி மக்களோடு கிளம்பும் குடும்பங்களுக்கு அந்த ஒரு நாள் திருவிழா மாதிரி.

ஆனால் கத்திரி வெயில் காலத்தில் அந்த திருவிழா ஆஸ்பத்திரியில் முடிந்துவிடக் கூடாது. டிக்கெட் காசு போச்சு, ஆட்டோ காசு போச்சு, பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏத்தும் செலவும் சேர்ந்தது என்றால் யாருக்கு லாபம்? கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

எங்கே போகலாம்?

நெமிலிச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது இந்த ஊர். வண்டலூரில் இருந்து நெமிலிச்சேரி வரையிலான சுமார் 30 கிலோ மீட்டர் சாலை 2014-ல் திறக்கப்பட்டது. இங்கிருந்து மீஞ்சூர் வரையிலான மீதி சாலை 2021-ல் திறக்கப்பட்டது.

இந்த ரோட்டில் தெற்கே போய் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால், பூந்தமல்லியைத் தாண்டி பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட். நேராக வண்டலூர் போய் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா. ஈ.சி.ஆர். பக்கம் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்.

பஸ்சில் போகிறவர்கள் ஆவடி போய், பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் போகும் இன்னொரு பஸ் என்று மாறினால் பழஞ்சூர் போய்ச் சேரலாம்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். கடற்கரை ஓரத்தில் மதியமே கடல் காற்று வீச ஆரம்பித்து சூடு கொஞ்சம் தணியும். ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் பகுதிக்கு அந்தக் காற்று வந்து சேர நேரமாகும். சில நாள் வராமலே போய்விடும். அதனால் பழஞ்சூர் பக்கம் போகிறவர்கள் மதிய வெயிலை இன்னும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும்.

வெயிலை லேசா நினைக்காதீங்க

2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 113 டிகிரி, அதாவது 45 டிகிரி செல்சியஸ் வெயில் கொளுத்தியது. சென்னை அதை இன்னும் மறக்கவில்லை.

கோடையில்தான் ஆபத்து என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கானோர் குடும்பத்தோடு காலையிலேயே போய் மணலில் நின்றார்கள். உச்சி வெயில், நெரிசல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத தவிப்பு. பலர் மயங்கி விழுந்தார்கள். 5 பேர் வீடு திரும்பவில்லை. அவர்களும் ஒரு நாள் சந்தோஷமாக இருக்கலாம் என்று போனவர்கள்தான்.

அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவிக்கப்பட்டது. வெள்ளம், புயல் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது.

சென்னை வெயிலில் இன்னொரு சிக்கல் புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை ஊத்திக்கொண்டே இருக்கும், காயாது. உடம்பில் தண்ணீர் தீர்ந்துகொண்டே போகும், சூடு மட்டும் இறங்காது.

பெரிய எதிரி 'டிக்கெட் காசு'தான்!

தீம் பார்க்கில் மயங்கி விழுவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. 'இவ்வளவு காசு கொடுத்திருக்கோம், ஒரு ராட்டினத்தையும் விடக்கூடாது' என்ற எண்ணமும் காரணம். கேட் திறந்ததில் இருந்து மூடும் வரை நிற்காமல் ஓடுவார்கள். பட்டப்பகலில் அரை மணி நேரம் க்யூவில் நிற்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட டைம் வேஸ்ட் என்பார்கள்.

உண்மையில் மதியம் இரண்டு மணி நேரம் நிழலில் உட்காருகிற குடும்பம்தான் சாயங்காலம் வரை தெம்பாக ஆடும். உட்காராத குடும்பம் 3 மணிக்கே தலைவலி, வாந்தி என்று வெளியே வந்துவிடும். காசு எதில் வீண் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதோ ஒரு டைம் டேபிள்

* கேட் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். காலை 11.30 மணி வரை, வெட்டவெளியில் இருக்கும் பெரிய ராட்டினங்கள். அப்போது க்யூவும் சின்னதாக இருக்கும்.

* 11.30 முதல் 12.30 வரை நிழல் இருக்கும் தண்ணீர் விளையாட்டுகள்.

* 12.30 முதல் 3 மணி வரை சாப்பாடு, ஓய்வு, கூரைக்குள் நடக்கும் ஷோக்கள். இந்த நேரத்தில் வெட்டவெளி க்யூவில் குழந்தைகளை நிறுத்தவே வேண்டாம்.

* 3 மணிக்கு மேல் அலைக்குளம், சறுக்கு.

* 4.30-க்கு மேல் காலையில் விட்டுப்போன ராட்டினங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே சுற்றும் ராட்டினத்தில் ஏறினால் வாந்தி நிச்சயம். வாந்தி எடுத்தால் உடம்பில் இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும்.

தண்ணிக்குள்ள இருந்தாலும் தாகம் எடுக்கும்

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். "பிள்ளை தண்ணியிலதானே இருக்கான், வெயில் என்ன செய்யும்?" என்று விட்டுவிடுவார்கள். தோல் குளிர்ந்திருப்பதால் தாகம் தெரியாது. ஆனால் ஓடி ஆடுவதில் உள்ளே வியர்த்துக்கொண்டுதான் இருக்கும், அந்த வியர்வை குளத்துத் தண்ணீரோடு போய்விடும். தலைக்கு மேல் வெயில், கீழே தண்ணீரில் பட்டு எதிரொளிக்கும் வெயில் என்று இரண்டு பக்கமும் அடி. சாயங்காலம் தோள், மூக்கு எல்லாம் கன்றிப்போய் எரியும்.

* தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெயிலில் இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை பெரியவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சில வாய் கொடுங்கள்.

* அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைக் குளத்தில் இருந்து வெளியே கூப்பிட்டு, நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்த பிறகு திரும்ப விடுங்கள்.

* சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். பல மணி நேரமாக பாத்ரூம் பக்கமே போகாத பிள்ளையையும் கவனியுங்கள்.

* அலைக்குளத்தில் பிள்ளை இறங்கினால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பது காவல் ஆகாது.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது கவனம்

அதிகமாக வியர்த்தால் தண்ணீர் மட்டும் பத்தாது, உப்பும் வேண்டும். மோர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், இளநீர் எல்லாம் நல்லது. கலர் கூல்டிரிங்க்ஸ் தாகத்தைத் தீர்த்த மாதிரி இருக்கும், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முழுப் பாக்கெட்டையும் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், கண் அளவு எல்லாம் கூடாது. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் தலை தட்டி இருக்க வேண்டும்.

பேரில் மட்டும் 'ஓ.ஆர்.எஸ்.' இருந்த சில இனிப்பு பானங்கள் கடைகளில் விற்றுவந்தன. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. மெடிக்கலில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பையில் என்னென்ன?

* தொப்பி, ஆளுக்கொரு துண்டு, மாற்றுத் துணி. பல பார்க்குகளில் நைலான் நீச்சல் உடை இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டால், அங்கே போய் அவசரத்தில் வாங்கும் செலவு மிச்சம்.

* வெளிச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் உள்ளே விடுவார்களா என்பதையும் கேளுங்கள். விடமாட்டார்கள் என்றால், உள்ளே குடிதண்ணீர் குழாய் எங்கே இருக்கிறது, ஃபர்ஸ்ட் எய்டு ரூம் எங்கே என்று நுழைந்ததும் பார்த்து வையுங்கள்.

* சாப்பாடு கட்டினால் புளிசாதம் தாங்கும். தயிர்சாதம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

* ரப்பர் செருப்பு கட்டாயம். மதிய நேரத்தில் சிமெண்ட் தரை கொதிக்கும். பிஞ்சுக் கால் கொப்பளித்துவிடும்.

* சுகர், பி.பி. மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதை மறக்கக் கூடாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

* ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையை இந்த வெயிலில் கூட்டிப் போகாமல் இருப்பதே மேல். தவிர்க்க முடியாவிட்டால் நிழலிலேயே வைத்து, அடிக்கடி தாய்ப்பால் கொடுக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது.

க்யூவுக்கு முன்னாடி ஒரு மடக்கு

2025 மே 27-ந் தேதி ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பார்க்கில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோனது. குழந்தைகள் உட்பட 30-க்கும் மேற்பட்டோர் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் ராட்சத ஏணி வண்டியைக் கொண்டு வந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

இது தினமும் நடப்பதில்லை. ஆனாலும் பெரிய ராட்டினத்தின் க்யூவில் நிற்பதற்கு முன்பு தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு நிற்பது நல்ல பழக்கம். உயரம் பத்தாத பிள்ளையை கெஞ்சிக் கூத்தாடி ஏற்றாதீர்கள். அந்த அளவுகோல் பெல்ட் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

இது நடந்தால் உடனே நிறுத்துங்க

கால் கெண்டை பிடித்து இழுப்பது, தலைசுற்றல், தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, சோர்வு... இவை முதல் எச்சரிக்கை. ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, விசிறிவிட்டு, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். தெளிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் போதும்.

உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு சூடு 104 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கும். உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்கு போன் போடுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்கக் கூடாது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் அல்லது ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது.

வீடு திரும்பும்போது...

கார் வைத்திருப்பவர்கள், 'ரெண்டே நிமிஷம்' என்று பிள்ளையைக் காருக்குள் பூட்டிவிட்டு எங்கேயும் போகாதீர்கள். மூடிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாக மாறிவிடும்.

பைக்கில் வந்தவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒதுங்க நிழல் கிடைப்பது கஷ்டம். நாள் முழுக்க ஆடிய பிள்ளை வண்டியிலேயே தூங்கி விழும். முன்னால் உட்கார வைக்காமல், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வையுங்கள். உங்களுக்கே தூக்கம் சொக்கினால் பஸ்தான் பத்திரம்.

ஒரு ராட்டினம் விட்டுப்போனால் அடுத்த லீவுக்கு வந்து ஏறிக்கொள்ளலாம். வீட்டில் இருந்து கிளம்பிய அத்தனை பேரும் சிரித்தபடி வீடு வந்து சேருவதுதான் முக்கியம்.